சும்மா நிற்க ஐந்து நிமிடம்

பஸ்காரர்கள் இன்னும் சானட்டோரியம் என்றே கூவும்
பெருந்துறை நிறுத்தத்தில் இறங்கி,
நான் படித்த கல்லூரிக்கே மறுபடி போனேன்.
மூன்றாம் மாடியில் பதினோரு மருத்துவர்கள்,
ஒரு கேள்வியை ஒழுங்காகக் கேட்கக் கற்றுக்கொள்ள.

நோயாளியாக நடிக்கச் செங்கோடனை அழைத்திருந்தார்கள்.
பள்ளிபாளையம், விசைத்தறி, வயது முப்பத்தொன்று.
நாளுக்கு ஐந்நூறு ரூபாய், மதியம் சாப்பாடு.
இருமச் சொன்னால் இரும வேண்டும்.
அதற்கு மட்டும் அவர் நடிக்கவில்லை.

முதலில் போனவர் கவுந்தப்பாடி டாக்டர் பரிமளகாந்தன்.
நாற்காலியை இழுக்கும்போதே சொல்லிவிட்டார்:
"இப்படியே ஊதுனா அஞ்சு வருசந்தான்."
"செரிங்க" என்றார் செங்கோடன்.
அடுத்தவர் கறுத்த நுரையீரல் படம் காட்டினார்.
"செரிங்க."
மூன்றாமவர் தாளிலிருந்து தலை தூக்காமல் வாசித்தார்.
புகைக்கக் காரணம்:
அ, மன அழுத்தம். ஆ, பழக்கம். இ, நண்பர்கள்.
"எதைச் சொல்லோணுங்க?"
நாங்கள் சிரித்தோம்.
பயிற்சி தந்த மதுரவேணி மட்டும் சிரிக்காமல்
எதையோ குறித்துக்கொண்டார்.

நான் ஏழாவது.
என் வாயால் சொல்லக் கூடாது, நன்றாகவே செய்தேன்.
கண்ணைப் பார்த்தேன், குரலைத் தாழ்த்தினேன்,
விடும் நாளை இருவருமாய்க் குறித்தோம்.
ஆயுத பூஜை.
தறிக்குப் பொட்டு வைத்து நிறுத்தியிருக்கும் நாள்,
கைக்கும் அன்று வேலை இல்லை.
பத்துக்கு ஒன்பது போட்டார்கள்.

டீக்கு விட்டபோது
சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டி மறைவில்,
என் இடத்தில் அவர் நின்றிருந்தார்.
என் இடம்தான். பத்தொன்பது வருடமாக.
"வாங்க டாக்டரு" என்று நகர்ந்து,
தீப்பெட்டியை நீட்டினார்.
என் சிகரெட்டைப் பார்த்தார், தன் பீடியைப் பார்த்தார்.

"ஒரு நாளைக்கு எத்தனைங்க?"
எட்டு என்றேன்.
(என் நோயாளிகள் எட்டு என்றால் நான் பன்னிரண்டு என்று எழுதுவேன்.)
"எந்திரிச்சு எத்தனை நிமிசத்துல மொதப் பத்த வெப்பீங்க?"
காலையிலிருந்து ஏழு முறை கேட்டவை,
வரிசைகூட மாறவில்லை.
"உட்டுப் பாத்திருக்கீங்களா?"
மகள் பிறந்தபோது. பதினோரு நாள்.

"செரிங்க" என்றார்.
இந்தச் செரிங்க காலையில் கேட்டது இல்லை.
அதற்குப் பிறகு அவர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை,
அந்தக் கொஞ்ச நேரத்தை
எங்கள் பதினோரு பேரில் எவரும் அவருக்குக் கொடுத்திருக்கவில்லை.

பிறகு, தொட்டியில் வழியும் தண்ணீரைப் பார்த்தபடி:
"பட்டறையில ராத்திரி ரெண்டு மணிக்கு
பீடிக்குன்னு கேட்டா அஞ்சு நிமிசம் உடுவாங்க.
சும்மா நிக்கோணும்னு கேட்டா உடமாட்டாங்க.
அது உங்க தாள்ல இல்லீங்க."

இல்லை.
பிரசவ வார்டில் இரண்டாம் இரவு,
எங்கே போனாய் என்றால் ஒரு தம் என்பேன்,
சீனியர்கூட ம் என்று நகர்வார்.
மூச்சு விடப் போனேன் என்றிருந்தால்
என்னவென்று பதிவேட்டில் எழுதியிருப்பார்கள்?

மத்தியானம் மிச்ச நான்கு பேரும் கேட்டார்கள்.
செரிங்க, செரிங்க, அப்புறம் ஒரு நிஜ இருமல், செரிங்க.
கவரை எண்ணி வாங்கிக் கையெழுத்திட்டுப் போனவர்
ஈரோடு பஸ்ஸின் படியிலிருந்து கத்தினார்,
"டாக்டரு, ஆயுத பூசை!"
யாருக்கு என்று கேட்பதற்குள்
பஸ் பாலத்தைத் தாண்டிவிட்டது.

இரண்டாம் நாள் பயிற்சி, அதே இடைவேளை.
தொட்டிக்குப் பின்னால் போனேன்.
பெட்டியைச் சட்டைப் பையிலிருந்து எடுக்கவில்லை.
இரண்டு நிமிடம் இருக்கும்.
மூன்றாவதில் வாட்ச்மேன் வந்து,
பத்தொன்பது வருடத்தில் முதல் தடவையாகக் கேட்டார்:

"ஏனுங்க சார், இங்க என்ன
சும்மா நின்னுட்டிருக்கீங்க?"